தும்பையேந்தல் ஓடுதளம்

மார்கழி மூன்றாம் தேதி தும்பையேந்தல் கண்மாய் உறைந்து போனது. கரையில் நின்றால் வெயில் வழக்கம்போலச் சுள்ளென்று அடித்தது, கரைக்குக் கீழே நெல் வழக்கம்போலப் பச்சையாய் நின்றது, நடுவில் கிடந்த நூற்றுப்பத்து ஏக்கர் தண்ணீர் மட்டும் விடிவதற்குள் ஒரே வெள்ளைக் கட்டியாகி இறுகிக் கிடந்தது. முதலில் அதைக் கண்டது பிச்சைக்கனியின் எருமை. தினமும் போகிற நினைப்பில் இறங்கி, நாலு கால்களும் நாலு திசைக்கு வழுக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதைக் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்ற ஆறு ஆண்களும் அரைப்பொழுதும் ஆயின.

எப்படி உறைந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எருமையை எங்கே குளிப்பாட்டுவது என்று கேட்டார்கள், துணியை எங்கே துவைப்பது என்று கேட்டார்கள், கதிரை உள்ளே வைத்துப் பொதி கட்டி நிற்கிற நெல்லுக்கு இனி எங்கிருந்து தண்ணீர் பாயும் என்று கேட்டார்கள். எல்லாக் கேள்வியையும் பூமயிலின் வாசலில் நின்று கேட்டார்கள், ஏனென்றால் அவள்தான் ஊராட்சித் தலைவி. தெருவிளக்கு எரியாததற்கும் குழாயில் காற்று வருவதற்கும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருந்த பூமயில், கண்மாயைப் போய்ப் பார்த்து, காலால் ஒரு தட்டுத் தட்டி, விரல் வலித்ததும் "இது வேறயா எனக்கு!" என்றாள். அதற்கு மேல் வியப்பதற்கு அவளுக்கு நேரமில்லை. மடைக்குக் கீழே அவளுக்கும் ஒன்றரை ஏக்கர் நெல் நின்றது.

பாசனப் பிரிவு அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"கண்மாய்ல தண்ணி இருக்கா தலைவரம்மா?" என்றார் அவர்.

"இருக்கு சார். ஆனா கெட்டியா இருக்கு."

"எம்புட்டு இருக்கு?"

"நெறைய இருக்கு. மடை வாயும் ஐஸா அடைஞ்சு கெடக்கு, தொறந்தா வர மாட்டேங்குது."

"நெறைய இருக்குன்னா அப்புறம் புகார் எதுக்கும்மா? படிவத்துல 'நிறைவு', 'பாதி', 'வறட்சி'ன்னு மூணு கட்டந்தான் இருக்கு. 'கெட்டி'ன்னு ஒரு கட்டம் இல்ல. நிறைவுன்னு போட்டுக்கறேன்." போனை வைத்துவிட்டார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கடப்பாரையால் குத்தினார்கள், குத்திய குழி, குத்தியவன் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மூடிக்கொண்டது. வைக்கோல் போட்டுக் கொளுத்தினார்கள், வைக்கோல்தான் சாம்பலானது. மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டினார்கள். ஊரிலிருந்த ஆடுகளெல்லாம் உப்பை நக்க இறங்கி, வழுக்கி வழுக்கி நடுக்கண்மாய் வரை போய்விட, ஆட்டுக்காரிகள் பூமயில் வாசலுக்கு வந்தார்கள்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குத் தெற்கேயிருந்து வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன விமானம் வந்தது. ஒற்றை இன்ஜின், உள்ளே நாலு பேர் உட்காரலாம். கண்மாயை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, சத்தம் அடங்க அடங்கத் தாழ்ந்து, பஞ்சு விழுவதுபோல ஐஸின் மேல் சக்கரத்தை வைத்து, நெடுந்தூரம் சறுக்கிக்கொண்டே போய், உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குக்கு இருபது முழம் முன்னால் நின்றது. அதிலிருந்து தடித்த பூட்ஸ் போட்ட ஒரு பெண் இறங்கினாள். முப்பத்தைந்து வயதிருக்கும். குட்டை முடி, கழுத்தில் சிலுவை. துளைபோடும் கருவி ஒன்றை எடுத்து ஐஸைத் துளைத்து, குச்சி விட்டு அளந்து, எழுந்து நின்று, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

கரையில் ஊரே நின்றது. பூமயில்தான் இறங்கிப் போனாள், வேறு யாரும் போக மாட்டார்கள் என்பதால்.

"யாரு தாயி நீ? எதுக்கு அழுவுற?"

"எம் பேரு ரெனால்டா, அக்கா. தூத்துக்குடி. ஐஸு ரெண்டே கால் சாண் கனம் இருக்கு. இந்த விமானத்துக்கு ஒரு சாணும் நாலு வெரலும் போதும்."

அவள் கதை பிறகு தெரிந்தது. பதினோரு வருடம் பனி பெய்கிற தேசம் ஒன்றில், சாலையே இல்லாத ஊர்களுக்குத் தபாலும் மருந்தும் கொண்டுபோய், உறைந்த ஏரிகளில் இறங்கி ஏறியவள். அப்பா படுத்த படுக்கையானதும் ஊர் திரும்பினாள். அவர் போய்ச் சேர்ந்த பிறகு வேலை கேட்டு எங்கே போனாலும், உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள், ஐஸில் இறக்கத் தெரியும் என்றாள், சிரித்தார்கள். மூன்று வருடமாக உப்பளத்தில் லாரி எண்ணிக்கொண்டிருந்தவள், யாரோ செல்போனில் அனுப்பிய எருமையின் படத்தைப் பார்த்து, சிநேகிதர் ஒருவரின் விமானத்தைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒரே ஒரு நாள் எறங்கி ஏறிக்கிடுதேன்க்கா."

எருமையும் இறங்க முடியாத இடத்தில் இவள் இறங்கினால் யாருக்கு என்ன என்று பூமயில் சரி சொன்னாள். வாழ்நாளில் தான் சொன்ன சரிகளிலேயே அதுதான் மோசமானது என்று பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறாள்.

ஏனென்றால் மறுநாள் மூன்று விமானங்கள் வந்தன. அதற்கு மறுநாள் பறக்கப் பழகும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஐந்து. பத்தாம் தேதிக்குள் பதினோரு விமானங்கள் கண்மாயின் மேற்கு ஓரம் வரிசையாய் நின்றன, கயிற்றால் ஐஸில் முளையடித்துக் கட்டி, தொழுவத்தில் மாடுகள் நிற்பதைப்போல. ரெனால்டா அவர்களுக்கெல்லாம் வாத்தியார். பிரேக்கைத் தொடாதே, தொட்டால் வழுக்கும், மெதுவாக வை, நின்ற இடத்திலேயே நிற்காதே, இரண்டு விமானங்களைப் பக்கத்தில் நிறுத்தாதே என்று காலை முதல் கத்திக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் பூமயிலுக்கு எரிச்சலாகவும் இருந்தது, எரிச்சல்படுவதற்குக் கூச்சமாகவும் இருந்தது.

கண்மாய்க்குள் நின்ற சீமைக்கருவேலத்தை வெட்டச் சொல்லி எட்டு வருடம் மனுக்கொடுத்து நடக்காத வேலையை, இறக்கை உரசுகிறது என்று விமானக்காரர்கள் ஒரே நாளில் வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய கிளைகளையே ஐஸில் இரண்டு வரிசையாய் நட்டு, நடுவில் ஓடுதளம் என்றார்கள். பூமயிலின் கணவன் வில்லாயுதம் அதற்குக் காவலானான். இருபது வருடமாகக் காலையில் எழுப்பினால் எழாத மனிதன், இப்போது கோழி கூவுமுன் எழுந்து, பெண்டாட்டியின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கம்பில் கட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று காட்டிக்கொண்டு நின்றான்.

"அது எங்க அக்கா எடுத்துக் குடுத்த சேலை!" என்றாள் பூமயில்.

"இந்தா புள்ள, வாடைக்காத்து நேரத்துல எங்கிட்டப் பேசாத, ஒருத்தன் எறங்குறான்" என்றான் வில்லாயுதம், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊர் விமானங்களைப் பழகிக்கொண்ட வேகத்தைத்தான் பூமயிலால் பொறுக்க முடியவில்லை. கரையில் மூன்று டீக்கடைகள் முளைத்தன. மார்கழி பஜனைக்கு ஒலிபெருக்கி போட்டவர், விமானச் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று புகார் சொன்னார்; விமானக்காரர்கள், பாட்டுச் சத்தத்தில் இன்ஜின் கேட்கவில்லை என்று புகார் சொன்னார்கள்; இருவருக்கும் நடுவில் பூமயில் நின்றாள். மேலத்தெருவில் தை மாதம் கல்யாணம் வைத்திருந்த மாப்பிள்ளை, விமானத்தில்தான் பெண்ணழைப்பு என்று பிடிவாதம் பிடித்து, பெண்வீட்டார் பூமயிலிடம் வந்து அழுதார்கள். தலைமையாசிரியர், பிள்ளைகள் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' என்று சொல்லாமல் 'இறங்க அனுமதி கோருகிறேன்' என்று சொல்வதாக எழுத்தில் புகார் கொடுத்தார். தலைவியாய் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இத்தனைக்கும் கீழே நெல் நின்றது. இருநூறு ஏக்கர் நெல். கதிர் வெளியே தலைகாட்டும் நேரம், வயல் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. மடைக்கு மேலே கடலளவு தண்ணீர், மடைக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. வயலில்லாதவர்களுக்கு விமானம் வேண்டும், வயலுள்ளவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். டீக்கடை வைத்த வயல்காரர்கள் காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றும் பேசினார்கள்.

பூமயில் தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். ஐஸை உடைக்க ஒரு பெரிய இயந்திரம் வேண்டும் என்றாள். "விமானம் எறங்குற எடம்னா அது விமானத் துறைம்மா. நாங்க தொட முடியாது" என்றார்கள். விமானத் துறைக்குப் போன் போட்டாள். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காத்திருக்க வைத்த பிறகு ஒரு குரல், "கண்மாய்னா அது பாசனம் மேடம்" என்றது. பாசன அதிகாரிக்குப் போட்டாள். "நான்தான் நிறைவுன்னு போட்டுட்டேனேம்மா" என்றார்.

அன்று மத்தியானம் அவள் வயலுக்குப் போய் ஒரு நெல் தூரைப் பிடித்துப் பார்த்தாள். இலை நுனி சுருண்டிருந்தது. பொதியை நகத்தால் பிளந்து பார்த்தாள். உள்ளே கதிர் இருந்தது, வெளியே வரத் தெம்பில்லாமல். வரப்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து நேரே கண்மாய்க்குப் போனாள்.

ரெனால்டா ஒரு பழகுநனைத் திட்டிக்கொண்டிருந்தாள். கரையைப் பார்த்து வேகமாக ஓட்டி வந்துவிட்டான் அவன்.

"எத்தன தடவ சொல்லுதேன்! கரைய நோக்கி ஓட்டாத, ஓட்டாத! ஐஸுக்கு அடியில தண்ணி இருக்கு. நீ ஓடுத வேகத்துக்கு அது அலையா எழும்பி உனக்கு முன்னாலயே போவும். கரையில போய் முட்டித் திரும்பினா, அங்கனயே ஐஸு அடியிலேருந்து பொளந்துடும். ஒருவாட்டி அதுக்க முதுகு ஒடிஞ்சா அப்புறம் முழுசும் போச்சு."

பூமயில் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"தாயி, அதயே மடையப் பாத்து ஓட்டுனா?"

ரெனால்டா திரும்பினாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது என்பது அவள் முகம் வெளுத்ததில் தெரிந்தது.

"அக்கா, வேண்டாம். அப்படிக் கேக்காதீங்க."

"மேலேருந்து குத்தி ஒடையல. அடியிலேருந்து ஒடையும்னு நீதான சொன்ன?"

"ஒடையும். எல்லாமும் ஒடையும். பெறவு ஓடுதளம் கெடையாது." அவள் குரல் உயர்ந்தது. "பதினோரு வருசம் படிச்ச ஒரே வேலக்கா இது. இந்தச் சீமையில இதுக்கு எடமே இல்லன்னு கெடந்தேன். சாமி எங் காலடியில கொண்டாந்து போட்டுருக்கு. நானே ஒடைக்கணுமா?"

"எனக்கு மட்டும் ஆசையா? ஒன்னய வெரட்டணும்னு வேண்டுதலா வச்சிருக்கேன்?" பூமயிலுக்குப் பன்னிரண்டு நாள் எரிச்சலும் ஒன்றாய்க் கிளம்பியது. "பன்னெண்டு நாளா நான் ஒழுங்காச் சோறு திங்கல. எருமைக்கு ஒருத்தன், ஆட்டுக்கு ஒருத்தி, பாட்டுக்கு ஒருத்தன், பொண்ணழைப்புக்கு ஒரு கூட்டம். எம் புருசன் எஞ் சேலையக் கிழிச்சுக் கம்புல கட்டிட்டு ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்குறாரு. எவனுக்குப் போன் போட்டாலும் அவன் இல்ல இவன்ங்குறான். இந்தா, என்கூட வா. ஒரு எட்டு வந்து பாத்துட்டு, மாட்டேன்னா மாட்டேன்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் கேக்கல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறி, அந்தப் பக்கம் இறக்கி, வயலுக்குள் கூட்டிப் போனாள். ரெனால்டா வெடிப்புக்குள் தன் தடித்த பூட்ஸ் இறங்குவதைப் பார்த்தாள். பூமயில் பிளந்து காட்டிய பொதியைக் கையில் வாங்கிக்கொண்டாள். பக்கத்து வயலில் பிச்சைக்கனியின் பெண்டாட்டி, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தூருக்குத் தூர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏக்கர் முழுக்க அப்படி ஊற்றிவிட முடியும் என்பதைப்போல, நிமிராமல்.

ரெனால்டா நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். பிறகு, "கரையில எந்தப் பக்கம் பனை இல்ல?" என்றாள்.

மறுநாள் காலை பத்து விமானங்களும் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பழகுநர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். டீக்கடைக்காரர்கள் அதைவிட. கடைசியாக வெள்ளை விமானம் மட்டும் மேற்கு ஓரத்தில் நின்றது. மடை கிழக்குக் கரையில். மடைக்கு நேர் மேலே பனையில்லாத ஒரு இடைவெளி. ஓடி, அலையைக் கிளப்பி, அந்த இடைவெளி வழியாகக் கரைக்கு மேலே எழும்பிவிட வேண்டும்.

"கனம் பத்தாது" என்றாள் ரெனால்டா. "இன்னும் ஒரு ஆள் வேணும். மூட்டை வச்சா நகரும்."

"நான் வாறேன்!" என்று வில்லாயுதம் செருப்பைக் கழற்றினான், கோயிலுக்குள் போகிறவனைப்போல.

"நீங்க மடையில நிக்கணும்" என்றாள் பூமயில். "ஒடஞ்சதும் ஷட்டரத் தூக்கணும். நம்ம வயலுக்கு மொத மொற. அதயாச்சும் ஒழுங்காப் பாருங்க."

பிறகு சுற்றிலும் பார்த்தாள். ஊர் முழுக்க நின்றது. ஒருவரும் ஒரு அடி முன்னால் வரவில்லை. "தெரிஞ்ச கததான்" என்று முனகிக்கொண்டு, செருப்பைக் கரையில் விட்டு, சேலையைச் செருகிக்கொண்டு அவளே ஏறி உட்கார்ந்தாள்.

முதல் ஓட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பாதி தூரம் போய்த் திரும்பினார்கள். இரண்டாவது ஓட்டத்தில் ஐஸுக்கு அடியிலிருந்து, பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல் கேட்டது. கரையில் நின்றவர்கள் நாலு அடி பின்வாங்கினார்கள். ரெனால்டா விமானத்தைத் திருப்பி மேற்கு ஓரத்தில் நிறுத்தினாள். கண்ணாடி வழியே ஒருமுறை கண்மாய் முழுவதையும் பார்த்தாள், வலமிருந்து இடமாக, மெதுவாக.

"ரொம்ப வேகமாப் போனா அலைய முந்திருவோம். மெதுவாப் போனா எழும்ப மாட்டோம்" என்றாள். "பயமா இருக்காக்கா?"

"பயப்பட எங்க நேரம்? போ தாயி."

விமானம் ஓடியது. கரை வந்தது, கரையில் நின்ற முகங்கள் வந்தன, வாயைப் பிளந்து நின்ற வில்லாயுதம் வந்தான், இனி முட்டத்தான் போகிறது என்று பூமயில் எல்லாச் சாமியையும் ஒரே மூச்சில் திட்டியபோது சக்கரங்கள் ஐஸை விட்டு எழும்பின. பின்னால் வானம் இரண்டாய்க் கிழிந்ததுபோல ஒரு சத்தம். பனைகள் இரு பக்கமும் தாழ்ந்து போயின. திரும்பிப் பார்த்தாள். மடை வாயிலிருந்து ஒரு கருப்புக் கோடு கண்மாய்க்குள் ஓடி, இரண்டாகி, நாலாகி, வெள்ளை முழுவதும் துண்டு துண்டாய்ப் பெயர்ந்து மேலும் கீழும் ஆடியது. கரைக்கு அந்தப்புறம் வாய்க்காலில் வெயில் பட்டு ஏதோ மின்னி நகர்ந்தது.

"பாயுது! பாயுது தாயி!" என்று ரெனால்டாவின் தோளைப் போட்டு உலுக்கினாள். "சரி, எறக்கு, எறக்கு. நான் போயி மொற பாக்கணும்."

"எங்கன எறக்க?" என்றாள் ரெனால்டா. "இப்பதான ஒடச்சோம்?"

இதை இருவரும் யோசித்திருக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் பறந்தார்கள். பூமயில் முழுத் தூரமும் திட்டிக்கொண்டே வந்தாள். தன்னை, புருசனை, மூன்று அலுவலகங்களை. கடல் தெரிந்தபோது ஒரு நிமிடம் நிறுத்தினாள். பிறகு கீழே வெள்ளை வெளேரென்று ஒரு வெளி விரிவதைப் பார்த்து, "இங்கயுமா?" என்று அலறினாள்.

"உப்புக்கா. உப்பளம்" என்றாள் ரெனால்டா. காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாற, ஒரு கையால் துடைத்துக்கொண்டு, உப்பளத்துக்குப் பின்னாலிருந்த சின்ன மைதானத்தில் விமானத்தை இறக்கினாள். மண் தரை. இரண்டு தடவை குதித்துத்தான் நின்றது. மண்ணில் அவளுக்கு அவ்வளவு பழக்கமில்லை.

பேருந்து நிலையத்தில் பூமயில் வெறுங்காலோடு தார் சுட நின்றதைப் பார்த்து, ரெனால்டா தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தாள்.

"வச்சுக்கோங்க. எனக்கு எதுக்கு இனிமே?"

பூமயில் அதை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினாள். சொல்வதா வேண்டாமா என்று அவளுக்கு யோசனையாக இருந்தது. சொன்னால் அடுத்த வருடம் யார் வாசலில் வந்து நிற்பார்கள் என்பதும் தெரிந்தது.

"இந்தா, ரெனால்டா. அடுத்த மார்கழியும் அந்தச் சனியன் ஒறஞ்சா, மேக்கு ஓரமா எறங்கிக்க. கெழக்க வராத. மடைப்பக்கம் எனக்கு."

ரெனால்டா தலையாட்டினாள். பஸ் திரும்பும்வரை வெறுங்காலோடு அங்கேயே நின்றாள்.

மூன்று பஸ் மாறி, முழங்கால் உயரப் பனி பூட்ஸோடு, வேர்த்து விறுவிறுத்து, ஏறிய ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டரும் பக்கத்துச் சீட்டும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், பொழுது சாய்வதற்குள் பூமயில் தும்பையேந்தல் பிரியும் விலக்கு ரோட்டில் இறங்கினாள். வீட்டுக்குப் போகாமல் வயலுக்குப் போனாள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் சலசலத்துக்கொண்டிருந்தது. பிச்சைக்கனி வயலில் கணுக்கால் அளவு நின்றது. அவளுடைய வயலில் வெடிப்பு அப்படியே இருந்தது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் வாமடை அடைத்துக் கிடந்தது.

கரையில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் வில்லாயுதம், கைகளை இறக்கைபோல விரித்து, விமானம் எழும்பிய விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மொத மொற நம்மதுன்னு சொன்னேன்ல?" என்று கீழிருந்து கத்தினாள்.

"பிச்சைக்கனி கேட்டான் புள்ள! நீயுந்தான் ஊர்ல இல்லயே!"

"கோச்சுக்காதீங்க மதினி" என்று வரப்பிலிருந்து பிச்சைக்கனி தலையைச் சொறிந்தான். "இன்னும் ஒரு கால் மணி நேரம். ஓரத்துக்கு எட்டல."

"ஒனக்கு ஓரத்துக்கு எட்டல. எனக்கு நடுவுலயே இல்ல. தள்ளு!"

பூட்ஸை உதறி வரப்பில் எறிந்துவிட்டு, அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, அவன் வாமடையை மூன்றே வெட்டில் அடைத்தாள். தன் வாமடையை ஒரே வெட்டில் திறந்தாள். தண்ணீர் ஒரு நொடி தயங்கி, உள்ளே திரும்பி, வெடிப்பு வெடிப்பாக இறங்கி, இறங்கிய இடத்திலெல்லாம் மண் 'ஙொர்ர்' என்று காற்றை விட்டது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆண்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பூமயில் மண்வெட்டியை ஊன்றி, விறைக்கிற தண்ணீரில் கால்களை வைத்தபடி, கடைசித் தூர் நனையும்வரை நின்றாள்.